மஞ்சப்பை பில்லு எந்த மேசையில் இருக்கு?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

 

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். மேடையில் பேசினது பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு தடவை. அதுவும் பாதியில மறந்துபோய் இறங்கி ஓடிட்டேன். அதனால இன்னைக்கு நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பார்த்துப் படிச்சா யாரும் சிரிக்கக் கூடாது.

போன மாசம் ஒரு அரசு அலுவலகத்தில் இருந்து நம்ம கூட்டமைப்புக்கு ஒரு கடிதம் வந்தது. அவங்க பொருள் வாங்குறதுக்குப் புதுசா ஒரு கணினி மென்பொருள் போடப் போறாங்களாம். டெண்டர் விடுறது, விலை வாங்குறது, ஆர்டர் கொடுக்கிறது, பில் பாஸ் பண்றது எல்லாம் அதிலேயே நடக்கணுமாம். இரண்டு கம்பெனிக்காரங்க வந்து காட்டப் போறாங்க, பொருள் விற்கிறவங்க பக்கத்தில் இருந்தும் சிலர் வந்து பார்த்துக் கருத்து சொல்லுங்க என்று கேட்டிருந்தாங்க. போறதுக்கு யாரும் கை தூக்கலை. மஞ்சப்பை விஷயத்தில் அதிகமா அலைஞ்சது நான்தான், அதனால நீயே போ என்று தீர்மான நோட்டில் என் பேரை எழுதிட்டாங்க. அங்கே போய் என்ன பார்த்தேன், என்ன கேட்டேன் என்பதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

முதலில் மஞ்சப்பை கதை. பாதிப் பேருக்குத் தெரியும், புதுசா சேர்ந்த குழுக்களுக்காகச் சொல்றேன்.

2019 ஜனவரி 1-ல் நம்ம மாநிலத்தில் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுற பிளாஸ்டிக்கைத் தடை பண்ணினாங்க. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசாங்கமே இயக்கம் ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் ஒரு அலுவலகத்தில் இருந்து நம்ம குழுவுக்கு 2,600 பை ஆர்டர் வந்தது. ஒரு பை 30 ரூபாய், மொத்தம் 78,000. துணி, நூல், அச்சு, வண்டி வாடகைக்கு என்று கூட்டமைப்பில் 60,000 ரூபாய் கடன் வாங்கினோம், நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி. தைக்கிற கூலி பைக்கு 4 ரூபாய், 10,400. எல்லாம் போக 7,600 ரூபாய் குழுவுக்கு நிக்கணும். 11 பேர் ராத்திரி பகலா தைச்சு, சொன்ன தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடியே கொண்டுபோய் இறக்கினோம். எண்ணிப் பார்த்தாங்க, நல்லா இருக்குன்னாங்க, டீ கூட வாங்கிக் கொடுத்தாங்க.

பணம் வரலை. மார்ச்சில் இறக்கினது, ஏப்ரல் போச்சு, மே போச்சு. போய்க் கேட்டா பில்லு மேல போயிருக்குன்னு சொன்னாங்க. மேலே போய்க் கேட்டா இன்னும் கீழே இருந்து வரலைன்னு சொன்னாங்க. கருவூலத்தில் இருக்கும்னு ஒருத்தர் சொன்னார். பென்னாகரத்தில் இருந்து தருமபுரிக்கு டவுன் பஸ்ஸு நமக்கு இலவசம்தான், ஆனா போன ஒவ்வொரு நாளும் நூறு நாள் வேலைக் கூலி போச்சு. நான் எண்ணி வச்சிருக்கேன், பதினோரு தடவை போனேன். தைச்ச ஒரு அக்கா, பேர் சொல்ல மாட்டேன், மகளுக்குப் பள்ளி திறக்குறப்ப நோட்டு, பை வாங்கக் காசில்லாமல் காதில் இருந்த தோட்டைக் கழட்டி அடகு வச்சாங்க. கூலியைத் தர வேண்டியது நாங்க. அந்த அக்கா முகத்தை நேரா பார்க்க முடியாம நான் தண்ணி பிடிக்கவே நேரம் மாத்திப் போனேன்.

ஆகஸ்டில் பணம் வந்தது. என்ன ஆச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. பொருள் சரியா வந்து சேர்ந்ததுன்னு ஒரு தாளில் கையெழுத்துப் போடணும். அந்தத் தாளைக் கையில் வச்சிருந்தவங்க மாற்றலாகிப் போயிட்டாங்க. தாள் அவங்க மேசை டிராயரிலேயே இருந்திருக்கு. யாரும் லஞ்சம் கேட்கலை, யாரும் வேணும்னு செய்யலை. ஒரு டிராயர், அஞ்சு மாசம். வட்டி மட்டும் 3,000 ரூபாய் கட்டினோம். 7,600 நிக்க வேண்டிய இடத்தில் 4,600 நின்னுச்சு. அலைஞ்ச கூலியைச் சேர்த்தா அதுவும் பாதி.

இதை மனசில் வச்சுக்கிட்டுத்தான் அந்தக் கூட்டத்துக்குப் போனேன்.

போறதுக்கு முன்னாடி சும்மா போகக் கூடாதுன்னு, நம்ம சமுதாய வளப் பயிற்றுநர் தங்கச்சிகிட்டயும், பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கிற தம்பிகிட்டயும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அரசாங்கம் பொருள் வாங்குறதுன்னா முந்தி பெட்டியில் கவர் போடுறது, சீல் வைக்கிறது. கவரைப் போட விடாமல் வாசலில் ஆள் நிறுத்துறதும் நடந்திருக்காம். 1998-ல் நம்ம மாநிலத்தில் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் போட்டாங்க. இப்போ தமிழ்நாடு டெண்டர் இணையதளத்திலேயே கவரைப் போடலாம். அதுக்கு டிஜிட்டல் கையொப்பம் வேணும். பென் டிரைவ் மாதிரி ஒன்னு, காசு கொடுத்து வாங்கி, கம்ப்யூட்டரில் சொருகி வைக்கணும். விலையைப் பூட்டி அனுப்பினா, திறக்க நியமிச்ச அதிகாரிங்க அவங்கவங்க கையொப்பத்தைப் போட்டுத்தான் திறக்க முடியும். நேரம் முடிஞ்சு ஒரு நிமிஷம் ஆனாலும் அது வாங்காது.

இன்னொன்னு ஜெம். நகை இல்லைங்க, மத்திய அரசோட இணையச் சந்தை. 2016 ஆகஸ்ட் 9-ல் ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி டெல்லியில் இதுக்குன்னே ஒரு பெரிய இயக்குநரகம் இருந்தது, ஜெம் வந்ததும் அடுத்த வருஷம் அதை மூடிட்டாங்க. 2023-24 வருஷத்தில் மட்டும் 4 லட்சம் கோடி ரூபாய்க்கு மேலே அதில் வாங்கியிருக்காங்க. எத்தனை சைபர்னு என் மகளை வச்சுத்தான் எழுதிப் பார்த்தேன். 2019-ல் பெண்கள் விற்கிற பொருளுக்கு 'வுமனியா' என்று தனி இடம் ஒதுக்கினாங்க. 2020 மே மாசத்தில் நம்மள மாதிரி சுய உதவிக் குழுக்களுக்கு 'சரஸ் கலெக்‌ஷன்' ஆரம்பிச்சாங்க. முதலில் 11 மாநிலத்தில் இருந்து 913 குழுக்கள்தான். மத்திய அரசுத் துறைகள் வாங்குறதில் நூத்துக்கு 25 சிறு தொழில்காரங்ககிட்ட வாங்கணும், அதில் 3 பெண்கள் நடத்துற தொழிலா இருக்கணும்னும் விதி இருக்கு. இதெல்லாம் எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். பன்னிரண்டு வருஷமா குழுவில் இருக்கேன்.

சரி, கூட்டத்துக்கு வர்றேன். பெரிய ஹால், ஏசி. எங்க பக்கத்தில் மூணு பேர். மேசை நாற்காலி செய்ற தச்சு ஆசாரி அண்ணன் ஒருத்தர், அச்சகம் வச்சிருக்கிற ஒரு சார், நான். எங்களைக் கடைசி வரிசையில் உட்கார வச்சாங்க. முதல் கம்பெனிக்காரர் திரையில் கலர் கலரா வட்டம், கம்பம் எல்லாம் காட்டினார். எந்தத் துறை எவ்வளவு வாங்கியிருக்கு, எவ்வளவு மிச்சம் என்று அதிகாரி ஒரே பார்வையில் பார்த்துக்கலாமாம். எல்லாம் ஆங்கிலத்தில். அழகாத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. முன் வரிசையில் எல்லாரும் தலையாட்டினாங்க. எனக்குத் தூக்கம் வந்தது.

அப்போதான் எனக்கு நம்ம குழுவைத் தர மதிப்பீடு பண்ணினது ஞாபகம் வந்தது. உங்களுக்கும் இருக்கும். பேங்க் கடன் கொடுக்கிறதுக்கு முன்னாடி வந்து பார்ப்பாங்களே. ஊக்குநரும் பிரதிநிதியும் நல்ல புடவை கட்டி, நோட்டையெல்லாம் அட்டை போட்டு அடுக்கி வச்சிருப்பாங்க. வர்றவங்க அதை ஒரு பார்வை பார்த்துட்டு, மூலையில் உட்கார்ந்திருக்கிற கைநாட்டு பாட்டியம்மாவைக் கூப்பிட்டு, உங்க சேமிப்பு எவ்வளவும்மா, போன கூட்டத்தில் யாருக்குக் கடன் கொடுத்தீங்க என்று கேட்பாங்க. பாட்டி சரியா சொல்லிட்டா குழு நல்லா நடக்குதுன்னு அர்த்தம். பாட்டி முழிச்சா, நோட்டு எவ்வளவு அழகா இருந்தாலும் மார்க் போச்சு.

நம்ம தருமபுரிக்கு இது பழைய பழக்கம். பன்னாட்டு வேளாண் மேம்பாட்டு நிதியத்தோட உதவியில் 1989-ல் தமிழ்நாட்டிலேயே முதன்முதலா மகளிர் திட்டக் குழுக்கள் ஆரம்பிச்சது நம்ம மாவட்டத்தில்தான். அப்போ தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டம். எங்க அம்மா எல்லாம் அதுக்கப்புறம் கொஞ்ச வருஷத்தில் சேர்ந்தவங்க. பணத்தை நடுவில் கொட்டி எல்லார் கண் முன்னாடியும் எண்ணி, நோட்டில் எழுதினதைச் சத்தமா வாசிக்கணும். எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் கணக்கு தெரிஞ்சது அதனாலதான். அப்படின்னா இந்த மென்பொருளுக்கும் மூலையில் உட்கார்ந்திருக்கிற பாட்டி யாரு? நான்தான். என்னை வச்சுத்தான் இதுக்கு மார்க் போடணும். அப்படின்னு தோணினதும் தூக்கம் போயிருச்சு.

விற்கிறவங்க ஏதாவது கேட்கணுமா என்று அந்த அதிகாரி மேடம் கேட்டாங்க. நல்ல மேடம், பேரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் பேசினாங்க. நான் எழுந்து, மேடம் நான் என் போனில் ஒரு தடவை விலை போட்டுப் பார்க்கட்டுமான்னு கேட்டேன். கம்பெனிக்காரர் லேப்டாப் தர்றேன்னார். வேண்டாங்க, எங்க குழுவில் யார்கிட்டயும் லேப்டாப் இல்லை, இருக்கிறது இந்தப் போன்தான் என்றேன்.

முதலில் பதிவு. ஆதார் நம்பர் போட்டதும் ஓடிபி போச்சு. எங்கே போச்சு? எங்க வீட்டுக்காரர் போனுக்கு. ஆதாரில் அவர் நம்பர்தான் இருக்கு. அவர் பெங்களூரில் கட்டட வேலையில் சாரத்து மேல நிக்கிறார். அவருக்குப் போன் பண்ணி, அவர் இறங்கி வந்து, கண்ணாடி இல்லாம நம்பரைப் படிச்சுச் சொல்றதுக்குள்ள ஓடிபி செத்துப் போச்சு. ஹாலில் எல்லாரும் சிரிச்சாங்க, நானும்தான் சிரிச்சேன். ஆனா மேடம் சிரிக்காம எழுதிக்கிட்டாங்க.

அடுத்தது தமிழ். ஒரு பட்டனை அமுக்கினா தமிழ் வரும்னார். வந்தது. மேலே 'மென்மையான எண்' என்று இருந்தது. இது என்னங்கன்னா அவருக்கும் தெரியலை. அச்சகத்து சார்தான் கண்டுபிடிச்சார், டெண்டர் நம்பராம். டெண்டர்னா ஆங்கிலத்தில் மென்மைன்னும் ஒரு அர்த்தம் இருக்குதாம். மெஷின் மொழிபெயர்த்திருக்கு. விலை போடுற இடத்தில் 'உங்கள் மேற்கோளை உள்ளிடவும்' என்று இருந்தது. மேற்கோள்னா எனக்குத் திருக்குறள்தான் ஞாபகம் வரும். நமக்கு டெண்டர், ரேட்டு, பில்லு இதெல்லாம் தெரிஞ்ச வார்த்தைதாங்க. தமிழ்னு சொல்லித் தெரியாத வார்த்தையைப் போடுறதுக்குத் தமிழ் எழுத்தில் 'டெண்டர் எண்', 'உங்க ரேட்டு' என்று போட்டாலே போதும். இதையும் சொன்னேன்.

ஆசாரி அண்ணன் கேட்ட கேள்விதான் பெரிய கேள்வி. நான் போடுற ரேட்டைத் திறக்கிற நேரத்துக்கு முன்னாடி யார் பார்க்க முடியும் என்று கேட்டார். யாரும் முடியாது என்றார் கம்பெனிக்காரர். உங்க கம்பெனி ஆளால முடியுமா என்று விடாமல் கேட்டார் அண்ணன். அவர் கொஞ்சம் யோசிச்சுட்டு, எங்க தொழில்நுட்ப டீமுக்கு மட்டும் அனுமதி உண்டு, ஆனா பார்க்க மாட்டாங்க என்றார். பீரோ சாவி பக்கத்து வீட்டில் இருக்கு, ஆனா திறக்க மாட்டாங்கன்னு சொல்ற மாதிரிதானே இது? டெண்டர் மென்பொருளில் வேற எது சரியா இருந்தாலும் இது சரியா இல்லைன்னா பழைய பெட்டியே தேவலாம்.

கடைசியில் நான் என் கேள்வியைக் கேட்டேன். பொருளை இறக்கிட்டேன். பணம் வரலை. என் பில்லு இப்போ எந்த மேசையில் இருக்குன்னு என் போனில் எங்கே தெரியும்?

முதல் கம்பெனிக்காரர், அது அதிகாரி லாகினில் தெரியும் என்றார். அதிகாரிக்கு அவர் மேசையில் இருக்கிறது தெரியாதாங்க, எனக்குத்தானே தெரியணும் என்றேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று உங்களுக்கு வரும் என்றார். அஞ்சு மாசம் எனக்கு அதைத்தானே சொன்னாங்க. அதைக் கேட்க நான் பஸ் ஏறினேன், இப்போ போனில் வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது கம்பெனிக்காரர் திரை அவ்வளவு அழகா இல்லை. கலர் வட்டம் எல்லாம் கம்மி. ஆனா விற்கிறவங்க பக்கத்தில் ஒரு கோடு போட்ட மாதிரி வரிசை இருந்தது. பொருள் வந்தது, சரிபார்த்தது, ஏற்றுக்கொண்டது, பில் கணக்குப் பிரிவுக்குப் போனது, கருவூலத்துக்குப் போனது. ஒவ்வொன்னுக்கும் பக்கத்தில் தேதி, எந்தப் பதவியில் இருக்கிறவர்கிட்ட எத்தனை நாளா இருக்கு என்கிறதும் இருந்தது. ஆள் மாறிப் போனா அடுத்து வர்றவர் பேருக்கு அதுவே மாறிடுமாம். நான் அதையே பார்த்துக்கிட்டு நின்னேன். நம்ம பை விஷயத்தில் இது இருந்திருந்தா ஏப்ரல் மாசமே 'ஏற்றுக்கொண்டது' என்கிற இடத்தில் காலியா இருக்கிறது தெரிஞ்சிருக்கும். ஒரே தடவை போய், அம்மா இந்தக் கையெழுத்து மட்டும் பாக்கின்னு சொல்லி வந்திருப்பேன்.

ஜெம்மில் இதுக்கு விதியே இருக்குன்னு மேடம் சொன்னாங்க. பொருளை வாங்கின அலுவலகம் ஏற்புச் சான்று போட்டதில் இருந்து 10 நாளுக்குள் பணம் கொடுக்கணும். ஆனா அந்தச் சான்றைப் போடவும் ஒரு மனுஷன்தான் அமுக்கணும் என்று அவங்களே சொன்னாங்க. மென்பொருள் போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்னு நானும் நினைக்கலை. டிராயரை அதால திறக்க முடியாது. எந்த டிராயர்னு காட்டத்தான் முடியும். எங்களுக்கு அது போதும், மீதியை நாங்க போய்ப் பேசிக்கிறோம்னு சொன்னேன்.

மத்த நாட்டில் எப்படி என்றும் அவங்க சொன்னாங்க. தென் கொரியாவில் 2002-லேயே அரசாங்கம் வாங்குறதுக்கெல்லாம் ஒரே இணையதளம் வந்துருச்சாம். உக்ரைன் நாட்டில் புரோஸோரோன்னு ஒன்னு இருக்காம். அவங்க பாஷையில் வெளிப்படையா என்று அர்த்தமாம். யாருக்கு எவ்வளவுக்கு ஆர்டர் போச்சுன்னு யார் வேணும்னாலும் வீட்டில் இருந்தே பார்த்துக்கலாம். கேட்டதும் நம்ம பணத்தை நடுவில் கொட்டி எண்ணுறதுதானே இது என்று நினைச்சேன். சொல்லலை, கூச்சமா இருந்தது.

எந்தக் கம்பெனியை எடுப்பாங்கன்னு இன்னும் முடிவாகலை. விலை, பாதுகாப்பு எல்லாம் பார்த்துத்தான் எடுப்பாங்க, நம்ம பேச்சை மட்டும் வச்சு எடுக்க மாட்டாங்க. ஆனா மதிப்பெண் போடுற பட்டியலில் விற்கிறவர் பக்கம்னு தனியா எதுவும் இல்லாம இருந்தது. அதைச் சேர்க்கிறேன்னு மேடம் எழுதினதை நான் கண்ணால் பார்த்தேன். போனில் செய்ய முடியுதா, தமிழ் புரியுதா, விலை பூட்டியிருக்கா, பில் எங்கே இருக்குன்னு தெரியுதா. நாலும் அதில் இருக்கு.

இப்போ நம்ம பக்கம் செய்ய வேண்டியது. மென்பொருளைக் குறை சொன்னேன், நம்ம குறையையும் சொல்லணும். சிறு தொழில் சட்டம்னு 2006-ல் ஒன்னு இருக்கு. பதிவு பண்ணின சிறு தொழில்காரங்ககிட்ட பொருள் வாங்கினா எப்படியும் 45 நாளுக்கு மேலே பணத்தை இழுக்கக் கூடாது. இழுத்தா ரிசர்வ் வங்கி சொல்ற வங்கி வீதத்தைப் போல மூணு மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி கேட்கலாம். இணையதளத்திலேயே புகார் போடலாம். பை தைச்சப்போ நம்ம குழுவுக்கு உத்யம் பதிவு இல்லை. அதனால கேட்கிறதுக்கே வழி இல்லாமப் போச்சு. அந்தப் பதிவுக்கு ஒரு பைசா செலவில்லை, முழுக்க இலவசம். ஆயிரம் ரூபாய் கொடு, ரெண்டாயிரம் கொடுன்னு யாராவது கேட்டா என்கிட்ட சொல்லுங்க.

நூலும் துணியும் வாங்கின பில்லை எல்லாரும் பத்திரமா வைங்க. பொருளை இறக்குறப்ப, பெற்றுக்கொண்டோம்னு ஒரு வரி தேதியோட எழுதி, கையெழுத்தும் அலுவலக முத்திரையும் வாங்கிட்டு வாங்க, டீ குடிக்கிறதுக்கு முன்னாடியே. நான் டீயைக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

வர்ற புதன்கிழமை கூட்டமைப்பு அலுவலகத்தில் பதிவு போட ஏற்பாடு பண்ணியிருக்கோம். தையல், கேழ்வரகு மாவு, சாமை, புளி, பினாயில் எது செய்ற குழுவா இருந்தாலும் வரலாம். குழு பேரில் பான் கார்டும் பேங்க் பாஸ்புக்கும் எடுத்துட்டு வாங்க. முக்கியமா, ஆதாரில் யார் நம்பர் இருக்குன்னு இன்னைக்கு ராத்திரியே பாருங்க. வீட்டுக்காரர் நம்பரோ, கல்யாணமாகிப் போன மகன் நம்பரோ இருந்தா செவ்வாய்க்கிழமைக்குள் இ-சேவை மையத்தில் உங்க நம்பரை மாத்திடுங்க. நான் மாத்திட்டேன். போன வாரம் முதல் ஓடிபி என் போனுக்கு வந்தது, அடுப்பில் களி கிண்டிக்கிட்டு இருந்தேன், கரண்டியைக் கீழே போட்டுட்டு ஓடினேன். பேர் கொடுக்கிறவங்க சாப்பாட்டுக்கு முன்னாடி என்கிட்ட கொடுத்துடுங்க, நோட்டு இங்கேயே வச்சிருக்கேன்.